கணக்கு வராத இடத்தில் எதை அச்சடிப்பது

போன முறை உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. புள்ளியியல் பரவல்களைக் கணக்கிடும் ஃபங்ஷன்களை எல்லாம் முதலில் எழுதி முடித்துவிடுகிறோம் மேடம், கணக்கு தடுமாறினால் என்ன செய்வது என்ற எரர் ஹேண்ட்லிங்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா என்று கேட்டார். யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். அன்றைக்குத் தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களிடம் கேள்வி கேட்டால் பதில் பக்கம் பக்கமாகத்தான் வரும். கேட்டது நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இன்று வசதி அதிகம். நார்மல், டி, எஃப், கை-ஸ்கொயர் என்று எந்தப் பரவல் வேண்டுமானாலும் லைப்ரரியில் தயாராக இருக்கிறது. தப்பான எண் உள்ளே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரே வரியில் மாற்றிக்கொள்ளலாம். நிறுத்து என்றால் நிறுத்தும். ‘இது எண்ணே இல்லை’ என்ற குறியைத் திருப்பு என்றால் திருப்பும். நானே ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன், அதைக் கூப்பிடு என்றால் அதைக் கூப்பிடும். அந்த ஒரு வரியை எழுதும்போது நீங்கள் யாரோ ஒருவருடைய வீட்டு விஷயத்தில் கை வைக்கிறீர்கள் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்தது பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய ஒரு சின்னக் கம்பெனி. நூற்பாலை லேப்களுக்கு நூலின் வலுவைச் சோதிக்கும் மெஷின் செய்து விற்றோம். கீழே லேத்தும் வெல்டிங்கும். மாடியில் பழனிசாமி அண்ணனும் நானும், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். மெஷின் நூலை இழுத்து அறுக்கும். எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்ற எண் கம்ப்யூட்டருக்கு வரும். எங்கள் புரோகிராம் கணக்குப் போட்டு ரிப்போர்ட் அடிக்கும்.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிக்கு மவுசு அதிகம். புது லாட் நூலையும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பழைய லாட்டையும் ஒப்பிட்டு, புது நூலின் வலு இடத்துக்கு இடம் அதிகமாக ஏறி இறங்குகிறதா என்று சொல்லும் வரி அது. இவ்வளவு ஏற்றத்தாழ்வு தற்செயலாக வந்திருக்க எத்தனை வாய்ப்பு என்று எஃப் பரவலிடம் கேட்போம். வாய்ப்பு கொஞ்சம் என்று வந்தால் புது நூல் நிஜமாகவே மோசம், லாட் நிராகரிக்கப்படும். வாய்ப்பு நிறைய என்று வந்தால் லாரியில் ஏற்றிவிடலாம். பனியன் கம்பெனிக்காரர்கள் மற்ற வரிகளைப் படிக்காவிட்டாலும் இந்த வரியைப் படிப்பார்கள்.

எங்கள் முதலாளி விவசாயக் குடும்பம். தோட்டத்தில் ஒரு மூலையில் ஷெட் போட்டு ஆரம்பித்தவர். நல்ல மனிதர், கோபமே வராது. ஆனால் யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. இல்லாத பொருளைக் கேட்டாலும் ‘பாக்கலாமுங்க, செஞ்சுபோடலாமுங்க’ என்பார். வந்தவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், நானும் அதில் சேர்த்தி.

ஒரு மில்லில் மெஷினை விற்கப் போயிருந்தோம். அந்த மில்காரர் தன் உறவினர்களை எல்லாம் லேப்பில் வரிசையாக நிற்க வைத்து, ஓட்டிக் காட்டுங்க என்றார். ஏதோ ஒரு எண் தப்பாக உள்ளே போய், புரோகிராம் செத்து, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. மில்காரர் குனிந்து பார்த்துவிட்டு, ‘ஏனுங்க, திட்டுதுங்களா?’ என்று கேட்டார். உறவினர்கள் சிரித்தார்கள். எங்கள் முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் காரில் அவர் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. “நம்ம ஊட்டுக்கு வந்து ஒன்னு கேக்கறாங்க. இல்லைன்னு மூஞ்சில அடிச்சாப்பல சொல்லலாமுங்களா? இனி எது கேட்டாலும் ஒரு பதில் வரோணும் அம்மணி.”

எந்தக் கணித ஃபங்ஷன் தடுமாறினாலும் கடைசியில் வந்து நிற்கும் பொதுவான இடம் ஒன்று எங்கள் புரோகிராமில் இருந்தது. பழனிசாமி அண்ணன் அங்கே போய், பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பு, சத்தம் போடாமல் மேலே போ என்று எழுதினார். அதற்குப் பிறகு புரோகிராம் விழவே இல்லை. மில்களில் எங்களுக்கு நல்ல பெயர். முதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு நிறைய மதியச் சாப்பாடு போட்டார். வேறு ஊராக இருந்தால் புரோகிராம் விழுகிறது என்று சண்டை போட்டு, யாராவது காரணத்தைத் தேடியிருப்பார்கள். மரியாதைக்குப் பயந்து கணக்கையே வாய் மூட வைத்தது நாங்களாகத்தான் இருக்கும்.

இப்போது அவிநாசி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் போட்டால் என்னைத் திட்டுவார், அதனால் இப்படியே இருக்கட்டும். அவிநாசிப் பக்கம் ஒரு நூற்பாலையில் லேப் பொறுப்பு அவருக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து படிக்க வைத்த பெண். டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்து, அந்த மில்லில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முதல் பெண்ணாக வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக லேப்புக்கு வந்து மெஷினைத் துடைத்து வைப்பார் என்று எங்கள் சர்வீஸ் ஆள் சொல்வார்.

அந்த வருடம் அவர் ஒரு புதுப் பஞ்சுக் கலவையைச் சிபாரிசு செய்திருந்தார். மேனேஜர் தயங்கினார், அக்கா பிடிவாதமாக நின்று சம்மதிக்க வைத்தார். முதல் லாட் ஓடி முடிந்தது. திருப்பூர் பனியன் கம்பெனி, பழைய லாட்டோடு ஒப்பிட்ட ரிப்போர்ட் வந்தால்தான் எடுப்போம் என்றது. பழைய லாட் ஏறக்குறைய எல்லாம் விற்றுப் போயிருந்தது. லேப் அலமாரியில் ஒரே ஒரு முறை இழுத்து அறுக்க ஆகும் நூல்தான் மிச்சம். அதை வைத்து ஓட்டினார். வாய்ப்பு பூஜ்யம், லாட் நிராகரிப்பு என்று ரிப்போர்ட் வந்தது. குடோன் நிறைய நூல் நின்றது. லாட் போகவில்லை என்றால் நீங்களும் இங்கே இருக்கவேண்டியதில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அக்கா பஸ் பிடித்து எங்கள் மாடிக்கு வந்து நின்றார். கையில் ஒரு கட்டு ரிப்போர்ட். அழுகையோ ஆத்திரமோ இல்லை. ஒரே கோனில் சுற்றி வந்த நூலையே பழையது, புதியது என்று இரண்டாகப் பிரித்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். பழையது என்ற பக்கம் ஒரே ஒரு ரீடிங் கொடுத்தால் எந்த நூலுக்கும் பூஜ்யம் வருகிறது. இது நூலுடைய தப்பு இல்லை, உங்க புரோகிராம் என்னவோ செய்கிறது, பாருங்க என்றார்.

பார்த்தோம். பார்க்க ஒன்றும் இல்லை, ரிப்போர்ட்டின் தலைப்பில் ரீடிங் எண்ணிக்கையைப் படித்ததுமே புரிந்துவிட்டது. ஒரே ஒரு ரீடிங்கில் ஏற்றமும் இல்லை, தாழ்வும் இல்லை. எஃப் பரவலால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்றுதான் அது சொன்னது. எங்கள் மரியாதைக்கார வரி அதைக் கேட்டு, பூஜ்யம் என்று மாற்றி அனுப்பிவிட்டது. வாய்ப்பு பூஜ்யம் என்றால் என்ன பொருள்? நூல் மோசம் என்பது நூற்றுக்கு நூறு உறுதி. எதுவுமே தெரியாத இடத்தில், எல்லாம் தெரிந்தவன் தோரணையில் ஒரு பதில்.

பேச்சுச் சத்தம் கேட்டு முதலாளி மேலே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவருக்குப் பதறிவிட்டது. பழனிசாமி அண்ணன் அப்போதே கீபோர்டில் கை வைத்துவிட்டார். பூஜ்யத்தை ஒன்று என்று மாற்றினால் போதும், வித்தியாசம் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிடும், அக்கா மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிடலாம் என்றார். ஒரே ஒரு எழுத்து. முதலாளி முகம் தெளிந்தது. மாத்திக் குடுத்துருங்க, பாவம் அலையறாங்க என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அக்காவுக்கு வேலை மிஞ்சும். மில்லுக்கு லாட் போகும். எங்களுக்குத் தலைவலி தீரும். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த எழுத்து நல்லது. எனக்கும் அது சரியென்றே பட்டது, வாயைத் திறக்கவில்லை. உங்கள் காலத்திலும் இது இருக்கிறது. ‘எண்ணே இல்லை’ என்ற குறியைத் திருப்பிவிட்டு, கீழே ‘வாய்ப்பு குறைவு என்றால் நிராகரி, இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்’ என்று எழுதிப் பாருங்கள். அந்தக் குறி எதைவிடவும் குறைவும் இல்லை, அதிகமும் இல்லை, நேராக ‘ஏற்றுக்கொள்’ பக்கம் போய் விழும். பழனிசாமி அண்ணன் செய்ய நினைத்ததை உங்கள் புரோகிராம் தானாகவே செய்யும், யாருக்கும் தெரியாது.

அக்கா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து, “அது வேண்டாமுங்கண்ணா” என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து தெரியாம என்னைக் குத்தம் சொல்லிச்சு. இன்னைக்குத் தெரியாம என்னை நல்லவள்னு சொல்லோணுமுங்களா? தெரியலைன்னா தெரியலைன்னு போடச் சொல்லுங்க. நான் அதைக் கொண்டுபோறேன்.”

காசு கொடுத்து வாங்கிய மெஷின் தெரியலை என்று சொன்னால் யார் மதிப்பார்கள் என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். எனக்கு அப்போதுதான் வாய் வந்தது. நான் செய்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பொது இடத்தைப் பிரித்து எழுதினேன். ஃபங்ஷன் தடுமாறினால் எந்த ஃபங்ஷன், எதனால் என்று மேலே சொல்லும். என்ன செய்வது என்பதை அதைக் கூப்பிட்ட பகுதி முடிவு செய்யும். திரையில் படம் வரையும் பகுதி கூப்பிட்டால் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு மேலே போகலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மெஷினைச் சரிபார்க்கும் பகுதி கூப்பிட்டால் நின்றுவிட வேண்டும். ரிப்போர்ட் கூப்பிட்டால் எண்ணே வரக்கூடாது, வார்த்தைதான் வர வேண்டும். என்ன வார்த்தை என்று முதலாளியைக் கேட்டேன். சோதனை தோல்வி, தவறு என்பதெல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார், ‘ரீடிங் பத்தலைங்க. இன்னுங் கொஞ்சம் வெச்சுப் பாருங்க.’ எங்கள் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து வராது. அதே வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் அடித்தோம். நான் பார்த்த எரர் மெசேஜ்களிலேயே அழகானது அதுதான், இன்றுவரை.

அக்கா அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனார். திருப்பூர்க்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு எங்கோ துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் பழைய லாட் கோன்கள் கொஞ்சம் கிடப்பது நினைவு வந்து, அவரே அனுப்பி வைத்தார். போதுமான ரீடிங் எடுத்து, அக்கா முறையாகச் சோதித்தார்.

புது நூல் நிஜமாகவே மோசம் என்று வந்தது. வாய்ப்பு பூஜ்யம் இல்லை, ஆனாலும் மிகக் கொஞ்சம். அக்காவின் கலவை சரியில்லை. நாங்கள் ‘ஒன்று’ போட்டிருந்தால் அந்த நூல் பனியனாகி, சாயத்தில் போட்டதும் கோடு கோடாகத் தெரிந்திருக்கும். அக்கா அந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டார். அந்த நூல் மலிவு விலைக்குத் துண்டு நெய்பவர்களுக்குப் போனது. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அக்காவுக்கு வேலை போனது.

செய்தி வந்த அன்றே முதலாளி காரை எடுக்கச் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு அவிநாசிக்குப் போனார். அக்காவின் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எங்க கம்பெனிக்கு வந்துருங்க அம்மணி, ரிப்போர்ட்டில் என்ன வரவேண்டும், என்ன வரக்கூடாது என்று நீங்க இருந்து பாருங்க என்றார். அவருக்கு அது பரிகாரம் மாதிரி. அக்கா உடனே சரியென்று சொல்வார் என்று நானும் நினைத்தேன்.

எனக்கு நீங்க மாத்திக் குடுத்தீங்க, மத்த மில்லுக்கெல்லாம் குடுத்தாச்சுங்களா என்று அக்கா கேட்டார்.

கொடுக்கவில்லை. எங்களுக்கு அது தோன்றாமல் இல்லை. யாராவது கேட்டால் மாற்றிக் கொடுக்கலாம் என்று விட்டிருந்தோம். நாங்களாகப் போய், எங்கள் மெஷின் இத்தனை நாள் தப்பாகச் சொன்னது என்று எந்த முகத்தோடு சொல்வது?

“அந்தப் பூஜ்யம் இன்னும் எத்தனை லேப்ல உக்காந்திருக்குதோ தெரியலீங்க. அங்கெல்லாம் என்னாட்டம் ஒருத்தர் இருப்பாங்க. அதை முடிச்சுட்டு வாங்க, நான் வாரேன்” என்றார் அக்கா.

அவர் அப்போது வேலையில்லாமல் நின்றவர். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் யாருக்காவது கடமைப்பட்டிருக்கிறேன் என்றால் அது இந்தப் பெண்ணுக்குத்தான். அவர் பிறகு எங்களிடம் சேர்ந்து, நான் ஓய்வு பெறும்வரை பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனையும் வாங்கி, இதுக்குத் தெரியலைன்னா என்ன சொல்லும் அம்மணி என்றுதான் முதலில் கேட்பார். சரியாக வரும்போது என்ன சொல்லும் என்று அவர் கேட்டதே இல்லை. எனக்கு இந்தத் தொழிலில் நல்ல பெயர் கிடைத்தது என்றால் அந்தக் கேள்வியால் கிடைத்தது. அதை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்குப் போய்வந்த மறுநாளே, திருத்திய புரோகிராம் ஏற்றிய ஃபிளாப்பிகளைக் காரில் அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். முதலில் வெள்ளகோவில் பக்கம் ஒரு மில். முதலாளி லேப்புக்குள் போனதும் குசலம் விசாரித்தார், மழை விசாரித்தார், மில்காரரின் மகள் கல்யாணம் விசாரித்தார். இனி விசாரிக்க ஒன்றும் இல்லை என்றானதும், “ஏனுங்க, எங்க மெஷின் தெரியாததைத் தெரிஞ்சாப்பல சொல்லியிருக்குதுங்க” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

மில்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. போன பங்குனியில் இதே மாதிரி பூஜ்யம் வந்த ஒரு லாட்டுக்காக, கலவையைக் கெடுத்துவிட்டார் என்று பஞ்சு கலக்கும் மிக்ஸிங் மேஸ்திரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்றார். அன்றைக்கும் ரீடிங் ஒன்றுதான் இருந்தது என்று லேப் பையன் நினைவுபடுத்தினான். அந்த லாட் விற்றுத் தீர்ந்துவிட்டது, இனி சோதிக்கவும் வழியில்லை. கலவை கெட்டதா கெடவில்லையா என்று எந்தப் பரவலாலும் சொல்ல முடியாது.

“அவரு ஊடு எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டார் முதலாளி.

மில்காரரும் எங்களோடு காரில் ஏறிக்கொண்டார். மேஸ்திரி வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து கும்பிட்டார். முதலாளி நின்றபடியே சொன்னார். தப்பு உங்களுடையது என்று எங்கள் மெஷின் சொன்னது, அதற்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல்தான் சொன்னது என்றார். நாளைக்கு வேலைக்கு வந்துருங்க என்றார் மில்காரர். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“நான் செய்யலீன்னு எனக்குத் தெரியுமுங்க” என்றார். “உள்ள எங்கூட்டுக்காரி இருக்கறா. அவகிட்டயும் ஒருக்கா சொல்லிப்போட்டுப் போங்க.”

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.